மிலிட்டரிக்காரர் என்றதும் கண்முன் வரும் ஆள் யார்?

சில வருடங்களுக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒருவர், அதற்கு முன் 19 வருடம் ராணுவத்தில் இருந்தவர். அவர் சேர்ந்த முதல் வாரமே செய்தி அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. இடைவேளையில் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். எங்களில் ஒருவன் கேட்டேவிட்டான்: “சார், எத்தனை பேரைச் சுட்டிருப்பீங்க?”

அவர் சிரித்தார். “நான் ஸ்டோர்ல இருந்தேன் தம்பி. டயர், பேட்டரி, ஸ்பேர் பார்ட்ஸ். கணக்குல ஒரு போல்ட் குறைஞ்சாலும் ராத்திரி தூக்கம் வராது. அதுதான் நான் போட்ட சண்டை.”

கேட்டவன் முகம் தொங்கிப்போனது. இரண்டு மாதம் கழித்து அதே மனிதர் போனில் யாரிடமோ குரலை உயர்த்திப் பேசினார். சரக்கை அனுப்பாமல் இழுத்தடிக்கும் ஆளிடம் யாரானாலும் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் பக்கத்து மேஜையிலிருந்து ஒரு கிசுகிசு: “பார்த்துப்பா, மிலிட்டரி ஆளு. மனசுக்குள்ள என்னென்ன வச்சிருக்காரோ.”

முதலில் அவரை வீரராகப் பார்த்தோம், அது பொய்த்ததும் ஏமாந்தோம். அப்புறம் அவரை வெடிக்கக் காத்திருக்கும் குண்டாகப் பார்த்தோம். ஸ்டோர் பார்த்த மனிதர் எங்கள் கண்ணில் படவே இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

முன்னாள் படைவீரர்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. “நாட்டுக்காக உழைத்தவர்கள்” என்போம், “பாவம், போரில் மனம் உடைந்தவர்கள்” என்போம், “கொஞ்சம் முரட்டு ஆட்கள்” என்றும் சொல்வோம். இந்தக் கருத்துகள் எங்கிருந்து வருகின்றன, அவை அந்த மனிதர்களின் வேலையையும் உடல்நலத்தையும் வாழ்க்கையையும் எப்படித் தொடுகின்றன என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

## முதலில், யார் இந்த முன்னாள் படைவீரர்?

தரைப்படை, கடற்படை, விமானப்படை போன்ற ஒன்றில் பணியாற்றி, பிறகு அதிலிருந்து வெளியே வந்தவர் முன்னாள் படைவீரர். இதற்குமேல் ஒவ்வொரு நாடும் தன் கோட்டைத் தானே போட்டுக்கொள்கிறது. பிரிட்டனில் ஒரே ஒரு நாள் சம்பளத்துக்குப் பணியாற்றியிருந்தாலும் அவர் முன்னாள் படைவீரர்தான். அமெரிக்காவில் எந்த முறையில் விடுவிக்கப்பட்டார் என்பதையும் பார்க்கிறார்கள். ஒழுங்கீனத்துக்காக அவமானகரமாக வெளியேற்றப்பட்டவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

இந்த இரண்டு வரையறைகளிலும் ‘போரில் சண்டையிட்டவர்’ என்ற நிபந்தனை இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு படை நகர வேண்டுமென்றால் சமைப்பவர், வண்டி ஓட்டுபவர், ரேடியோ பழுது பார்ப்பவர், சம்பளக் கணக்கு எழுதுபவர், செவிலியர், கிடங்கு பார்ப்பவர் எல்லோரும் வேண்டும். துப்பாக்கியோடு முன்னால் நிற்பவருக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. நம் மனதில் ஓடும் படத்தில் அந்த வரிசை இருப்பதில்லை.

இன்னொன்றும் அந்தப் படத்தில் இல்லை: வயது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக “நீங்கள் ஆயுதப்படையில் இருந்தீர்களா” என்று கேட்டார்கள். சுமார் 18.5 லட்சம் பேர் ஆம் என்றார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 65 வயதைத் தாண்டியவர்கள், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 80 வயதைத் தொட்டவர். ‘முன்னாள் படைவீரர்’ என்றதும் செயற்கைக் காலோடு நிற்கும் 30 வயது இளைஞரைத்தானே நினைக்கிறோம்? அந்த நாட்டுப் பட்டியலில் அதிகம் இருப்பவர் பேரன் பேத்தி எடுத்த தாத்தா. அந்தப் பட்டியலில் 13.6 சதவீதம் பெண்கள் என்பதும் நம் படத்தில் இல்லை. தன் கணவரைத்தான் படைவீரர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள் என்பது பல நாடுகளில் இந்தப் பெண்கள் சலித்துக்கொள்ளும் விஷயம்.

## பிம்பம்: எப்போதும் வில்லனாக நடிப்பவர்

ஒரு நடிகர் தொடர்ந்து வில்லனாகவே நடிக்கிறார். தெருவில் அவரைப் பார்த்த குழந்தை அழுகிறது. அவர் வீட்டில் செடி வளர்க்கிறவராக இருக்கலாம், சத்தமாகப் பேசக்கூடத் தெரியாதவராக இருக்கலாம். ஆனால் நாம் பார்த்தது திரையில் வந்த ஆளை. நிஜ ஆள் வந்து நின்றாலும் திரையில் வந்தவர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்.

ஒரு கூட்டத்தைச் சேர்ந்த எல்லோருக்கும் ஒரே குணத்தை ஒட்டிவிடும் இந்த மனப்படத்தை வார்ப்புப் பிம்பம் என்று வைத்துக்கொள்வோம். அச்சில் வார்த்த பொம்மைபோல எல்லாம் ஒரே முகம். இது கெட்ட எண்ணத்தில் செய்வதல்ல. தினமும் பார்க்கும் நூறு புது மனிதர்களையும் தனித்தனியாக எடைபோட மூளைக்கு நேரமில்லை, அதனால் குறுக்கு வழியில் போகிறது.

முன்னாள் படைவீரர்களுக்கு மூன்று வார்ப்புகள் தயாராக இருக்கின்றன. அஞ்சாத வீரர், உடைந்துபோன பரிதாபத்துக்குரியவர், எப்போது வேண்டுமானாலும் சீறக்கூடிய ஆபத்தானவர். முதலாவது நல்ல பிம்பம், மற்ற இரண்டும் கெட்டவை என்றுதான் நினைக்கத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்றும் ஒரே வேர். ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

## படம் எங்கிருந்து வருகிறது?

ஒரு தலைமுறைக்கு முன் பல நாடுகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கட்டாய ராணுவ சேவை இருந்த இடத்தில் அப்பா, சித்தப்பா, கணக்கு வாத்தியார், தபால்காரர் எல்லோரும் ராணுவத்தில் இருந்தவர்கள். அவர்களில் கோபக்காரர் உண்டு, சோம்பேறி உண்டு, வேடிக்கைப் பேச்சுக்காரர் உண்டு. ‘மிலிட்டரிக்காரர் என்றால் இப்படித்தான்’ என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் எல்லா ரகத்தையும் வீட்டிலேயே பார்த்தாயிற்று.

அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு 1973ல் நின்றது. 1980ல் வயது வந்த அமெரிக்கர்களில் 18 சதவீதம் பேர் முன்னாள் படைவீரர்கள், இப்போது அது சுமார் 6 சதவீதம். பிரிட்டனில் கட்டாய சேவைக்கு ஆள் எடுப்பது 1960ல் முடிந்தது. அதாவது, படைவீரர்களை நேரில் தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறார்கள். இப்படிப் படையில் இருந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே விழும் தூரத்தைப் படை–குடிமக்கள் இடைவெளி என்கிறார்கள்.

இடைவெளியை ஏதாவது ஒன்று வந்து நிரப்பத்தான் செய்யும். சினிமா நிரப்புகிறது, செய்தி நிரப்புகிறது, நன்கொடை கேட்கும் விளம்பரம் நிரப்புகிறது. மூன்றுக்கும் ஒரு பொதுத் தேவை உண்டு: அசாதாரணமான கதை. சாதாரணமாக வேலைக்குப் போய் வரும், தலைவலி தவிர வேறு உபாதை இல்லாத முன்னாள் ஸ்டோர் கீப்பர் மூன்றுக்குமே பயன்படமாட்டார்.

இங்கே ஒரு மனப்பழக்கம் வேலை செய்கிறது. விமான விபத்துச் செய்தியைப் பார்த்த மறுநாள் விமானத்தில் ஏறப் பயப்படுகிறோம். வானத்தில் எதுவும் மாறவில்லை, நம் நினைவில் ஒரு உதாரணம் மேலே வந்து நிற்கிறது. சட்டென்று நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பது என்று எண்ணிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை நினைவெட்டுச் சாய்வு எனலாம். ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973ல் இதை விளக்கி எழுதினார்கள். முன்னாள் படைவீரர் ஒருவர் குற்றம் செய்தால் தலைப்பிலேயே ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்று வரும். பிளம்பர் ஒருவர் செய்தால் ‘முன்னாள் பிளம்பர்’ என்று தலைப்பு வருவதில்லை. பத்து வருடம் இப்படிப் படித்தால் நினைவில் எது தங்கும்?

சுருக்கமாக: நேரில் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், அந்த இடத்தை அசாதாரணக் கதைகள் பிடித்துக்கொண்டன, அசாதாரணத்தையே சராசரி என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

## எண்களைத் தலைகீழாகப் படிப்பது

இந்த விஷயத்தில் நல்லெண்ணம் கொண்டவர்களும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. “வீடில்லாமல் தெருவில் கிடப்பவர்களில் இத்தனை பேர் முன்னாள் படைவீரர்கள்” என்பது ஒரு வாக்கியம். “முன்னாள் படைவீரர்களில் இத்தனை பேர் வீடில்லாமல் இருக்கிறார்கள்” என்பது வேறு வாக்கியம். முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதைக் கேட்டதாக நினைத்துக்கொள்கிறோம். மருத்துவமனை வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் ஊரே காய்ச்சலில் கிடப்பதாகத் தோன்றும். மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு இது நடக்கிறது என்ற கணக்குக்கு அடிப்படை வீதம் என்று பெயர்.

அமெரிக்காவில் 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் வீடில்லாத முன்னாள் படைவீரர்கள் 32,882 பேர். அந்த நாட்டில் மொத்த முன்னாள் படைவீரர்கள் 1.7 கோடிக்கும் மேல். 1,000 பேருக்கு இரண்டு பேர்கூட வரவில்லை. அந்த இரண்டு பேரும் தெருவில் கிடக்கக் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மீதி 998 பேரையும் அதே படத்துக்குள் தள்ளுவது வேறு விஷயம்.

இன்னொரு உதாரணம், கொஞ்சம் கனமானது. “தினமும் 22 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள்” என்ற வாக்கியம் உலகம் முழுக்கச் சுற்றியது. டி-ஷர்ட்டில் அச்சிட்டார்கள், 22 தண்டால் எடுத்து வீடியோ போட்டார்கள். அந்த எண் அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறை 2013ல் வெளியிட்ட அறிக்கையில் இருந்து வந்தது. 21 மாநிலங்களின் தரவை வைத்துப் போட்ட மதிப்பீடு அது. அதில் பெரும் பகுதியினர் 50 வயதைத் தாண்டியவர்கள். ஆனால் பகிர்ந்தவர்கள் மனதில் இருந்ததோ ஈராக்கிலிருந்து அப்போதுதான் திரும்பிய இளைஞன். பின்னாளில் இன்னும் முழுமையான தரவு வந்தபோது எண்ணிக்கை ஒரு நாளைக்கு 17, 18 என்ற அளவில் இருந்தது. அந்த நாட்டில் முன்னாள் படைவீரர்களின் தற்கொலை விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. பிரச்சினை நிஜம், அதை மாட்டி வைத்த முகம்தான் தவறு. தனியாக வாழும் முதியவரைத் தேடிப் போக வேண்டிய உதவி இளைஞர்களைத் தேடிப் போனால் முதியவர் விடுபட்டுப்போவார்.

## ‘போருக்குப் போனவன் மனநோயாளி’ என்ற நம்பிக்கை

1915ல் சார்ல்ஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ என்ற சொல்லை மருத்துவ இதழில் எழுதினார். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் இருந்து நடுக்கத்தோடும், பேச்சு வராமலும், கண் தெரியாமலும் வந்த சிப்பாய்களுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் புரியாத காலம். குண்டு வெடித்த அதிர்வு நரம்பைத் தாக்கியிருக்கும் என்பது முதல் ஊகம். குண்டுக்கு அருகிலேயே போகாதவர்களுக்கும் அது வந்தபோது ஊகம் ஆட்டம் கண்டது. உடனே இன்னொரு விளக்கம் தயாரானது: கோழைத்தனம். அந்தப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற தன் சொந்த வீரர்களில் 306 பேருக்கு 2006ல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. 90 வருடம் கழித்து. 1943ல் சிசிலியில் அமெரிக்க ஜெனரல் பேட்டன் மருத்துவக் கூடாரங்களில் இருந்த இரண்டு வீரர்களைக் கோழைகள் என்று கன்னத்தில் அறைந்ததும் இதே பழைய விளக்கத்தின் வால்தான்.

1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயரைச் சேர்த்தது. உயிருக்கே ஆபத்து போன்ற பேரதிர்ச்சிக்குப் பிறகு அந்த நினைவு திரும்பத் திரும்ப வந்து தாக்குவது, தூக்கம் கெடுவது, எப்போதும் உஷாராகவே இருப்பது போன்ற அறிகுறிகள் நீண்ட நாள் நீடிக்கும் நிலை அது. வாகன விபத்து, பாலியல் வன்முறை, நிலநடுக்கம் எதற்குப் பிறகும் யாருக்கும் வரலாம். வியட்நாம் போரில் இருந்து திரும்பியவர்கள் போராடியதும் இந்தப் பெயர் கிடைக்க ஒரு காரணம். கோழை என்ற பட்டம் போய் நோயாளி என்ற அங்கீகாரம் வந்தது, பெரிய முன்னேற்றம்.

ஆனால் ஊசல் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டது. பிரிட்டனில் 2012ல் நடந்த ஒரு கருத்துக்கணிப்பில் 10ல் 9 பேர், படையை விட்டு வருபவர்களுக்கு உடலிலோ மனதிலோ ஏதாவது ஒரு பாதிப்பு இருப்பது சகஜம் என்றார்கள். அதே நாட்டில் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வுக்குழு ஆயிரக்கணக்கான படையினரைப் பல வருடம் பின்தொடர்ந்து 2018ல் வெளியிட்ட முடிவு: பி.டி.எஸ்.டி. இருக்கலாம் என்று தெரிந்தவர்கள் 6 சதவீதம். பொதுமக்களில் இது சுமார் 4 சதவீதம்.

சரி, அப்படியானால் கவலையே இல்லையா? அங்கேயும் நிற்கக் கூடாது. அதே ஆய்வில், ஈராக் அல்லது ஆப்கானிஸ்தானில் நேரடிச் சண்டைப் பணியில் இருந்துவிட்டுப் பிறகு படையை விட்டு வந்தவர்களில் மட்டும் பார்த்தால் 17 சதவீதம். அதே இடங்களுக்கு உதவிப் பணிகளுக்காகப் போய், பிறகு வெளியே வந்தவர்களிடம் அது 6 சதவீதம்தான். ஒரே சீருடை, ஒரே பாலைவனம், ஆனால் ஆபத்து மூன்று மடங்கு வித்தியாசப்படுகிறது. ‘எல்லோரும் உடைந்தவர்கள்’ என்ற பிம்பம் இந்த வித்தியாசத்தை அழித்துவிடுகிறது. யாருக்கு உதவி அவசரம் என்று கண்டுபிடிக்க நமக்கு இருக்கும் ஒரே துப்பு அந்த வித்தியாசம்தான்.

## வெளியே இருக்கும் படம் உள்ளே எப்படி இறங்குகிறது

இதுவரை பார்த்தது பிம்பம் பிறக்கும் கதை. அது என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். இரண்டு வழியாக வேலை செய்கிறது, ஒன்று மற்றவர்களின் கை வழியாக, இன்னொன்று அவர் மனதின் வழியாக.

மற்றவர்களின் கையில் தொடங்குவோம். மனிதர்களை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நம் பழக்கம்: செய்பவர், அனுபவிப்பவர். அடிப்பவர், காப்பாற்றுபவர், முடிவெடுப்பவர் எல்லாம் செய்பவர்கள். அடிபட்டவர், காப்பாற்றப்பட்டவர் அனுபவிப்பவர்கள். ஒருவரைச் ‘செய்பவர்’ பக்கம் போட்டுவிட்டால், அவருக்கு வலிக்கும் என்ற எண்ணம் தானாகவே குறைந்துவிடுகிறது. கர்ட் கிரே, டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர்கள் 2009ல் இதைச் சோதித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வில்லனுக்கு மட்டுமில்லை, நாயகனுக்கும் இதே கதிதான். இருவருக்கும் வலி குறைவு என்றே மக்கள் எண்ணினார்கள். இதைப் பாத்திர அடைப்பு என்று சொல்லலாம்.

2019ல் ஸ்டீவன் ஷெப்பர்ட், ஆரன் கே, கர்ட் கிரே மூவரும் இதை முன்னாள் படைவீரர்களிடம் பொருத்திப் பார்த்தார்கள். மக்கள் அவர்களைத் திட்டமிடுவதில், செயல்படுவதில் கெட்டிக்காரர்கள் என்றும், உணர்வதில் குறைந்தவர்கள் என்றும் மதிப்பிட்டார்கள். அதனால் மனிதர்களோடு நெருங்கிப் பழகி, அவர்கள் உணர்வைப் புரிந்துகொள்ள வேண்டிய வேலைகளுக்கு இவர்கள் பொருந்தமாட்டார்கள் என்ற தீர்ப்பு வந்தது. யாரும் இவர்களை வெறுக்கவில்லை. மரியாதையோடுதான் ஓரம் கட்டினார்கள்.

இப்போது மூன்று வார்ப்புகளுக்கும் ஒரே வேர் என்று சொன்னதன் பொருள் விளங்கும். வீரரும் ஆபத்தானவரும் ‘செய்பவர்’ என்ற ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம். பரிதாபத்துக்குரியவர் என்பது அந்த நாணயம் எதிர்ப்பக்கத்துக்குத் தூக்கி எறியப்படும்போது கிடைப்பது. அப்போது அவர் ‘அனுபவிப்பவர்’ ஆகிறார், ஆனதும் அவருடைய திறமை மறைந்துபோகிறது. வலியும் திறமையும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பதற்கு மூன்றிலும் இடமில்லை.

எங்கள் அலுவலகத்திலும் இதுதான் நடந்தது. 19 வருடம் சரக்குக் கணக்குப் பார்த்த மனிதருக்கு நிர்வாகம் கொடுத்த வேலை, வாசல் பாதுகாப்பையும் ஆட்கள் நேரத்துக்கு வருவதையும் மேற்பார்வை பார்ப்பது. “மிலிட்டரி டிசிப்ளின் இருக்கு, கரெக்டா இருக்கும்” என்றார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். பின்பக்கத்துக் கிடங்கில் எது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாத காலம் அது.

அடுத்து, அவர் மனதின் வழி. ஒரு குணத்தையோ நோயையோ வைத்து ஒருவரைச் சமூகம் கீழாகப் பார்ப்பது களங்கம். அந்தப் பார்வையை அவரே உள்வாங்கி, தன்னைத்தானே அப்படிப் பார்க்கத் தொடங்குவது சுயகளங்கம். ‘வீரன் கலங்கமாட்டான்’ என்று எல்லோரும் நம்பும் இடத்தில், இரவில் தூக்கம் வராத ஒருவர் முதலில் சந்தேகிப்பது தன் நோயை அல்ல, தன் வீரத்தை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2004ல் வந்தது. மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிந்தவர்களில் 23 முதல் 40 சதவீதம் பேர்தான் உதவியை நாடியிருந்தார்கள். ‘என்னைப் பலவீனமானவன் என்று நினைப்பார்கள்’ என்றவர்கள் சுமார் 65 சதவீதம். உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் இந்தப் பயமும் அதிகம் இருந்தது.

அப்புறம் ஒரு சுழல் தொடங்குகிறது. அவர் பேசமாட்டார். பேசாததால் மற்றவர்களுக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாத இடத்தில் சினிமா வந்து உட்காரும். அதைப் பார்த்து அவர் இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொள்வார். வேலைக்கான விண்ணப்பத்தில் ராணுவ வருடங்களை அடக்கி வாசிப்பவர்கள் உண்டு என்றால் அது இந்தச் சுழலில் மாட்டியதால்தான்.

## பீடத்தில் நிற்பவருக்கு உட்கார இடமில்லை

புகழ் எப்படித் தீங்கு செய்யும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு அக்காவை நினைத்துப் பாருங்கள். “அவ சமாளிச்சுக்குவா” என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயர் வந்த நாளிலிருந்து அவளிடம் யாரும் “நீ எப்படி இருக்கே?” என்று கேட்பதில்லை. வேலை மட்டும் வந்துகொண்டே இருக்கும். அவள் ஒரு நாள் முடியவில்லை என்றால் எல்லோருக்கும் ஆச்சரியம், சிலருக்குக் கோபம்கூட.

வீரர் என்ற பட்டமும் அப்படித்தான். தியாகம் செய்தவர் கூலி கேட்டால் தியாகத்தின் பளபளப்பு குறைந்துவிட்டதாகச் சிலருக்குத் தோன்றுகிறது. ஓய்வூதியம், காயத்துக்கான இழப்பீடு எல்லாம் ஒப்பந்தப்படி வர வேண்டியவை, ஆனால் அவற்றைக் கேட்டு நிற்கும்போது பிச்சை கேட்பவர் போலப் பார்க்கப்படுகிறார். கை தட்டுவதற்குச் செலவில்லை, அதனால் கைதட்டல் தாராளமாகக் கிடைக்கிறது. என் கருத்தில் இருப்பதிலேயே வழுக்கலான பிம்பம் இதுதான். வெறுப்பை எதிர்த்து வாதாடலாம், மாலையோடு வருபவரிடம் என்ன வாதாடுவது?

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லோரும் வீரர்கள் என்று ஆக்கிவிட்டால் போர்முனைக்குப் போகாதவர்கள் கூசிப்போகிறார்கள். “நான் ஒண்ணும் பெரிசா செய்யலை” என்று ஒதுங்குகிறார்கள், தங்களுக்கு உரிய உதவியைக்கூடக் கேட்பதில்லை.

## அதே மனிதர்கள், வேறு வேறு காலம்

பிம்பம் மனிதர்களைப் பொறுத்ததா, காலத்தைப் பொறுத்ததா என்பதற்கு வரலாறு நல்ல சோதனைக்கூடம். முதல் உலகப்போரில் இருந்த அமெரிக்க வீரர்களுக்கு 1945ல் தருவதாக ஒரு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டிருந்தது. பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த 1932ல், அதை இப்போதே கொடுங்கள் என்று ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் குடும்பத்தோடு வாஷிங்டனில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலை 28 அன்று அரசு ராணுவத்தையே அனுப்பி அவர்களை விரட்டியது. கூடாரங்கள் எரிந்தன. அவர்களில் பலர் கம்யூனிஸ்டுகள், குற்றவாளிகள் என்று அரசுத் தரப்பு சொன்னது.

வெறும் 12 வருடம் கழித்து, 1944 ஜூன் 22ல், அதே நாடு போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கான ஜி.ஐ. மசோதாவைச் சட்டமாக்கியது. கல்லூரிச் செலவு, தொழில் பயிற்சி, வீட்டுக் கடன் எல்லாம் அதில் இருந்தன. 1956க்குள் சுமார் 78 லட்சம் பேர் படிப்புக்கும் பயிற்சிக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். படித்து வேலைக்குப் போன அந்தத் தலைமுறையைப் பார்த்துத்தான் ‘முன்னாள் வீரர் என்றால் பொறுப்பானவர்’ என்ற பெயர் நிலைத்தது. மதிப்பு வந்ததால் வசதி வந்ததா, வசதி வந்ததால் மதிப்பு வந்ததா? இரண்டும் கலந்தே நடந்தது என்பேன். ஆனால் அந்தப் படத்திலும் சிலருக்கு இடமில்லை. 1947ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் அந்தச் சட்டத்தின் கீழ் உத்தரவாதம் தரப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு.

மக்கள் விரும்பாத போரில் இருந்து திரும்புகிறவர்களின் நிலை இன்னும் சிக்கல். போரின் மீதுள்ள கோபம் அதற்குப் போனவர் மேல் வழிகிறது. வியட்நாம் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இது நடந்தது. போரையும் போர்வீரரையும் தனித்தனியாகப் பார்க்கலாம் என்ற எண்ணம் மெல்லத்தான் வந்தது. அந்தப் போரின் நினைவாக 1982ல் வாஷிங்டனில் திறந்த கறுப்புக் கிரானைட் சுவரில் வெற்றி தோல்வி பற்றி ஒரு சொல்லும் இல்லை, பெரும்பாலும் இறந்தவர்கள், காணாமல் போனவர்களின் பெயர்கள்தான். சோவியத் யூனியனில் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியவர்கள் சலுகை கேட்டு அலுவலகங்களுக்குப் போனபோது மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் அவர்களிடையே பழமொழி போல ஆகிவிட்டது: “உன்னை அங்கே அனுப்பியது நான் இல்லை.”

## அப்படியானால் பாதிப்பைப் பற்றிப் பேசவே கூடாதா?

கட்டாயம் பேச வேண்டும். பேசியதால்தான் 306 பேருக்கு மன்னிப்பு கிடைத்தது, பி.டி.எஸ்.டி.க்குப் பெயர் கிடைத்தது. எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவில் 2010ல் வீடில்லாத முன்னாள் படைவீரர்கள் 74,087 பேர். மேலே சொன்ன 2024ம் வருட எண்ணிக்கை அதைவிட 55 சதவீதம் குறைவு. ‘பாவம் நம் வீரர்கள்’ என்று பொதுவாக உருகியதால் அது குறையவில்லை. யார், எந்த ஊரில், எந்தக் காரணத்தால் தெருவுக்கு வந்தார் என்று ஆள் ஆளாகப் பார்த்து, வாடகை உதவியையும் மருத்துவ உதவியையும் சேர்த்துக் கொடுத்ததால் குறைந்தது.

பிம்பத்தைத் தகவல் சொல்லி மட்டும் கலைப்பது கஷ்டம். நேரில் பழகுவது அதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே எழுதினார். சும்மா ஒரே அறையில் இருந்தால் போதாது என்பதும் அவர் சொன்னதுதான். இருவரும் சமமாக நின்று ஒரே வேலையைச் சேர்ந்து செய்ய வேண்டும். நாங்கள் அந்த மனிதரைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்டது பழகிய கணக்கில் வராது, மிருகக்காட்சிசாலைக் கணக்கில்தான் வரும்.

அவர் வேலையை விட்டுப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கிடங்கில் ஒரு பொருளைத் தேடிக்கொண்டு அவரோடு போனேன். மூலையில் வண்டி டயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரை வரை அடுக்கியிருந்தன. நின்று பார்த்தார். “இதை யாரு இப்படி அடுக்கினது?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் சார் என்று அப்போதுதான் கேட்டேன், முதல்முறையாக. அரை மணி நேரம் பேசினார். ரொம்ப நாள் வைத்திருக்க வேண்டிய டயரை நிற்க வைக்க வேண்டுமாம். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பது எடை தாங்கி வடிவம் கெட்டுவிடும். நிற்க வைத்தாலும் அப்படியே விட்டுவிடக் கூடாது, மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில் படும் இடம் தட்டையாகிவிடும். வெயில் படக் கூடாது, எண்ணெய் படக் கூடாது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “அந்தப் பக்கம் பிடிங்க தம்பி” என்றார்.